இவரு மச்சம்னு எழுதினது

மயிலைப் பத்தி எங்க வீட்டுக்காரர் எழுதின கவிதை பதினேழு. அந்த மயிலு மொட்டை மாடியில எச்சம் போட்டுட்டுப் போனதைத் தேய்ச்சுக் கழுவினது நான். மழையைப் பத்தி எழுதினதுக்குக் கணக்கே கிடையாது. மழை வந்தா கொடியில கிடக்கிற துணியை எடுக்கணும்ங்கிறது மட்டும் அதுல ஒண்ணுலயும் வராது. இதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா நான் ஆஸ்பத்திரியில கிடந்த கதையை இவரை விட்டுட்டுச் சொல்ல வழியில்ல.

பேரு ராமசுப்பு. ஸ்கூல்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவரு. கவிதைக்குன்னு வச்சுக்கிட்ட பேரு அணில்நேசன். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில சாம்பல் அணில்னு ஒண்ணு இருக்கு, பூனை தண்டிக்கு இருக்கும். அதை இவரு நேர்ல பார்த்தது ரெண்டே தடவை. அதுல ஒரு தடவை வாலு மட்டும்தான் தெரிஞ்சுச்சாம். அதுக்கே நேசன்.

நான் சந்திரா. ராஜபாளையத்துல காஸ் துணி மடிச்சு பேக் பண்ற யூனிட்ல சூப்பர்வைசர். புண்ணுல வச்சுக் கட்டுற மெல்லிசு துணி இருக்குல்ல, அதுதான். எங்க யூனிட் பொண்ணுங்க, "என்னக்கா, டெங்குவா?"ன்னு ஆளாளுக்குக் கேக்காளுக. ஒவ்வொருத்திக்கா சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. அதான் ஒரே தடவையா எழுதிட்டேன். படிச்சுட்டு, காய்ச்சல் வந்தா கொஞ்சம் புத்தியோட நடந்துக்கோங்க.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல இவருக்கு ஒரு கவிதைக் குழு இருக்கு. நாப்பது பேரு. அம்புட்டு பேரும் ரிட்டயர் ஆனவங்க, பென்ஷன் வாங்குறவங்க, சுகர் மாத்திரை போடுறவங்க. ஐப்பசி மழை விட்ட சமயம், இயற்கையோட மடியில உக்காந்து எழுதணும்னு மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு மாந்தோப்புல கூடுறதா முடிவு பண்ணாங்க. சோறு யாரு கொண்டுவாரதுன்னு பேச்சு வந்தப்பதான் இவருக்கு என் ஞாபகம் வந்துச்சு. நாப்பது பேருக்குப் புளியோதரை கிண்டி, ரெண்டு அண்டாவோட ஆட்டோவுல போய் இறங்கினேன்.

அங்க போய்ப் பார்த்தா இயற்கையோட மடியில வாடகை பிளாஸ்டிக் சேரு நாப்பது போட்டிருக்கு. தரை ஈரமா இருக்காம். பேண்ட் அழுக்காயிருமாம். சேர்ல உக்காந்துகிட்டு, செருப்பைக்கூடக் கழட்டாம, ஒருத்தரு பின்னால ஒருத்தரா புல்லைப் பத்திப் படிக்காங்க. பனித்துளியாம், பச்சைக் கம்பளமாம். குழுத் தலைவர் மைக்கைப் பிடிச்சு, மனுசன் புல்லுல படுத்து வானத்தைப் பார்க்க மறந்துட்டான்னு கண்ணு கலங்கினாரு. நான் அந்தப் புல்லுல சம்மணம் போட்டு உக்காந்து இலை போட்டேன், பரிமாறினேன், பொறவு வாய்க்கால் ஓரம் புதர்ப் பக்கமா உக்காந்து அண்டாவைத் தேய்ச்சேன். ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காந்திருப்பேன். அன்னைக்குப் புல்லுல உக்காந்த ஒரே ஆளு நான்தான், நான் ஒரு வரி எழுதல.

பத்து நாள் கழிச்சுக் காய்ச்சல் வந்துச்சு. சாதாரணக் காய்ச்சல் இல்ல. தலைக்குள்ள யாரோ அம்மி கொத்துற மாதிரி வலி, கண்ணைத் திறக்க முடியல, இடுப்பும் காலும் கழண்டு விழுது. தெருமுனை கிளினிக்ல ஒரு ஊசி போட்டு, கலர் கலரா மாத்திரை கொடுத்தாங்க. காய்ச்சல் செத்த நேரம் இறங்கும், சாயங்காலம் ஆனா நடுக்கத்தோட ஏறிரும்.

இவரு அந்த நாள்ல என்னைக் கவனிக்கலன்னு சொன்னா என் நாக்கு அழுகிப்போகும். கஞ்சி வச்சாரு, உப்பு போட மறந்தாலும் வச்சாரு. மூணாம் நாள் முதுகு வலி தாங்காம நான் முனங்கினப்ப, ஜாக்கெட்டைத் தூக்கிவிட்டு இடுப்பு வரைக்கும் தைலம் தேய்ச்சுவிட்டாரு. பதமாத்தான் தேய்ச்சாரு. பாவாடை நாடா கட்டுற இடத்துல வந்து கை நின்னுச்சு. என்னங்கன்னு கேட்டேன். ஒண்ணுமில்ல, தூங்குன்னாரு. பொறவு எந்திரிச்சுப் போய் நோட்டை எடுத்து எழுத உக்காந்துட்டாரு. எனக்கு இருந்த தலைவலிக்கு அதையெல்லாம் யோசிக்கத் தெம்பு இல்ல.

அஞ்சாம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்தா தட்டணு குறைஞ்சிருக்குன்னாங்க. தட்டணுன்னா வேற ஒண்ணுமில்ல, காயம் பட்டா ரத்தத்தை உறைய வைக்கிற சின்னச் சின்னத் துணுக்கு. அது ரொம்பக் குறைஞ்சா உள்ளயே ரத்தம் கசியும். ராஜபாளையத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில பெட்ல போட்டாங்க. டெங்கு பார்த்தாங்க, இல்ல. மலேரியா இல்ல. டைபாய்டும் இல்ல. ஒவ்வொண்ணும் இல்லன்னு வாரப்ப முதல்ல சந்தோசமா இருந்துச்சு, பொறவு பயமாயிருச்சு. பேரு தெரியாத நோயிக்கு மருந்து எப்படிக் கொடுப்பாங்க?

பயத்தை மறக்க நான் அங்க இருந்த காஸைப் பார்த்துக்கிட்டே கிடப்பேன். ட்ரிப்ஸ் ஊசி மேல வச்சு ஒட்டியிருந்தது எங்க தெருக்காரன் யூனிட் சரக்கு. நெசவு நெருக்கமா இல்ல, ஓரம் பிரியுது. எங்க யூனிட்ல இதைப் பேக் பண்ண விட்டிருக்க மாட்டேன். சாகக் கிடக்கையிலயும் உனக்கு அந்தத் துணிதானான்னு நினைக்காதீங்க. அது எனக்குத் தெரிஞ்ச விசயம். அங்க வேற எதுவும் எனக்குத் தெரியல.

ஏழாம் நாள் கவிதைக் குழுத் தலைவர் என்னைப் பார்க்க வந்தாரு. கூட ரெண்டு பேரு. ஆளுக்கொரு ஆப்பிள் கொண்டுவந்தாங்க, எண்ணிப் பார்த்தா மொத்தம் மூணு. நான் மூச்சு வாங்கிக்கிட்டுக் கிடக்கேன். தலைவர் ஜன்னலோரம் போய் நின்னு வெளிய இருந்த புங்க மரத்தைப் பார்த்தாரு. இலை உதிர்வதும் ஒரு பிரார்த்தனைதான் தங்கச்சின்னாரு. எனக்கு எந்திரிச்சு அந்த ஆப்பிளை எடுத்து எறியணும் போல இருந்துச்சு. கையில தெம்பு இல்ல. இவரு என்னடான்னா அந்த வரியைக் குறிச்சுக்கிட்டாரு.

அன்னைக்கு டியூட்டி டாக்டர், சின்ன வயசுப் பையன், வராந்தாவுல இவரை நிறுத்தி விசாரிச்சிருக்காரு. அம்மா காடு, தோட்டம், புதர்ப் பக்கம் எங்கயாவது போனாங்களான்னு கேட்டிருக்காரு. கதவு பாதி திறந்திருந்துச்சு. இவரு சொன்ன பதில் என் காதுல விழுந்துச்சு.

"காட்டுக்குப் போறது நான்தான் சார். அவளுக்கு வீடு, யூனிட், அம்புட்டுதான்."

பொய் சொல்லல பாருங்க, அதுதான் கொடுமை. நிஜமாவே மறந்துட்டாரு. அந்தத் தோப்புல வீசின காத்து, பறந்த தும்பி, மரத்துல இருந்த எறும்பு வரைக்கும் ஒவ்வொண்ணுக்கும் கவிதை இருக்கு. சோறு போட்டவ எதுலயும் இல்ல. நானாவது கத்திச் சொல்லியிருக்கலாம். ஆனா எனக்கும் அது காட்டுக்குப் போனதாத் தோணல, சோறு கொண்டுபோனதாத்தான் தோணுச்சு. டாக்டர் சரின்னு போயிட்டாரு. பொறவு ஜெபா சிஸ்டர் வந்து, உடம்புல எங்கயாவது கறுப்பாப் புண்ணு இருக்காக்கான்னு கேட்டாங்க. எனக்கு எங்கயும் வலிக்கல, எரியல. இல்லம்மான்னேன். கை, கால், கழுத்துப் பார்த்துட்டு இல்லன்னு எழுதிட்டாங்க. முதுகுப் பக்கம் திரும்பச் சொல்ல என் மூச்சு இருந்த நிலைமையில அவங்களுக்கு மனசு வரல.

ஒம்பதாம் நாள் மூச்சு ரொம்ப மோசமாயிருச்சு. ஆக்ஸிஜன் மாஸ்க் வச்சும் நெஞ்சு ஏறி ஏறி இறங்குது. நுரையீரல்ல நீர் கோத்திருக்கு, மதுரைக்குக் கொண்டு போங்க, அங்கதான் மூச்சு விடுற மெஷின் வைக்க வசதியா இருக்கும்னு பெரிய டாக்டர் சொல்லிட்டாரு. போற வழியில தாங்குமான்னு என் மக செல்வி கேட்டா. அவரு தரையைப் பார்த்தாரு. எனக்கு எல்லாம் கேட்டுச்சு. மாஸ்க் போட்டிருந்தா காது கேக்காதுன்னு எல்லாரும் நினைச்சுக்கிடுறாங்க. நான் செத்துப்போவேன்னு அப்பதான் முதல்ல எனக்கு உறைச்சுச்சு. செல்விக்கு இன்னும் கல்யாணம் ஆகல. யூனிட்ல வர்ற வாரம் பெரிய ஆர்டர். பீரோ சாவி அரிசி டப்பாவுல இருக்குன்னு யாருக்கும் தெரியாது. இதெல்லாம்தான் மனசுல ஓடுச்சு, ஒரு இலையும் உதிரல.

செல்வி கோயம்புத்தூர்ல வேலை பாக்கா, முந்தின நாள்தான் பஸ் பிடிச்சு வந்திருந்தா. ஆம்புலன்ஸ் வாசல்ல நிக்கி. மதுரையில கேப்பாங்கன்னு என் இன்சூரன்ஸ் கார்டு போட்டோவைத் தேடி அப்பா போனை வாங்கினா. தேடினவ அப்படியே நின்னுட்டா. கவிதைக் குழு வாட்ஸாப்ல இவரு போட்டிருந்த கவிதை கண்ணுல பட்டிருக்கு. ஆத்திரத்துல சத்தமாவே வாசிச்சா.

"நேற்றுவரை இல்லாத மச்சமொன்று
உன் இடையில் இன்று.
சுற்றிலும் செவ்வானம்,
நடுவில் ஒரு கரிய சூரியன்.
தொட்டேன், நீ உணரவில்லை.
காடு உனக்குள்ளும் முளைத்துவிட்டதடி."

அம்மா இங்க மூச்சுக்குத் தவிக்கா, நீங்க அவ இடுப்பைப் பத்தி நாப்பது பேருக்கு எழுதி அனுப்பியிருக்கீங்களேன்னு செல்வி அழ ஆரம்பிச்சுட்டா. ஜெபா சிஸ்டர் ட்ரிப்ஸ் பாட்டில் கழட்டிக்கிட்டு இருந்தாங்க. கை அப்படியே நின்னுச்சு.

"சார், இந்த மச்சம் எப்ப வந்துச்சு?"

இவரு முழிச்சாரு. மூணாம் நாள் தைலம் தேய்க்கையில பார்த்தேன்னாரு. சிஸ்டர் என்னைப் புரட்டி, பாவாடை நாடாவைத் தளர்த்திப் பார்த்தாங்க. பார்த்துட்டு ஓடினாங்க. அந்தச் சின்ன டாக்டர் வந்தாரு, பெரிய டாக்டர் வந்தாரு, டார்ச் அடிச்சுப் பார்த்தாங்க. ஸ்க்ரப் டைபஸ். தமிழ்ல உண்ணிக் காய்ச்சல்னு சொல்றாங்க. புல்லுலயும் புதர்லயும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்குஞ்சு இருக்கு, அது கடிச்ச இடத்துல சிகரெட்டுல சுட்ட மாதிரி கறுப்பாப் பொருக்கு கட்டும், சுத்தி செவந்திருக்கும், வலிக்காது. கடிச்சப்ப ரத்தத்துல கிருமி ஏறிரும். இடுப்பு, அக்குள், தொடை இடுக்குன்னு துணி இறுக்கி மறைக்கிற இடமாப் பார்த்துத்தான் கடிக்குமாம். பொம்பளைங்க காட்ட மாட்டாங்க, அதனால டாக்டருக்கும் தெரியாமப் போயிரும்னு சொன்னாங்க. ரத்தத்துல பார்த்து உறுதி பண்ண நாளாகும், காத்திருக்க வேண்டாம்னு உடனே மருந்தை ஏத்தினாங்க. எம்புட்டோ விலையான மருந்தா இருக்கும்னு நினைச்சோம். சாதாரண மருந்துக் கடையிலயே கிடைக்கிற மருந்துதான். முதல் நாளே தெரிஞ்சிருந்தா மாத்திரையாவே முழுங்கியிருப்பேன்.

ஆம்புலன்ஸை அரை மணி நேரம் நிக்கச் சொன்னாங்க. அந்த அரை மணி நேரத்துல இவரு என் கட்டில் பக்கத்துல வந்து நின்னாரு. நான் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கிக் கேட்டேன், பார்த்தீங்கல்ல, அப்பவே ஏன் ஒரு வார்த்தை சொல்லலன்னு.

"அழகா இருந்துச்சு சந்திரா. அதான் என்னன்னு கேக்கத் தோணல."

முப்பத்தோரு வருசம் இவரோட குடும்பம் நடத்தியிருக்கேன். கோபம் வந்திருக்கு, சிரிப்பு வந்திருக்கு, சில நேரம் பக்கத்து வீட்டு ஆம்பளை தேவலையோன்னுகூடத் தோணியிருக்கு. ஆனா அன்னைக்கு வந்த வெறுப்பு மாதிரி என்னைக்கும் வந்ததில்ல. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்.

வழியில அலைக்கழிக்க வேண்டாம், மருந்தோட இங்கயே பார்ப்போம்னு பெரிய டாக்டர் சொன்னதால கடைசியில மதுரைக்குப் போகல. ராத்திரி பூரா செல்வி என் காலைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தா, மறுநாள் மூச்சு கொஞ்சம் எளகுச்சு, அதுக்கு அடுத்த நாள் காய்ச்சல் விட்டுச்சு. காய்ச்சல் விடுறதுன்னா என்னன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. வேர்த்துக் கொட்டி, சேலையெல்லாம் நனைஞ்சு, பசிச்சுச்சு. ஜெபா சிஸ்டர் அவங்க வீட்டுல இருந்து இடியாப்பம் கொண்டுவந்து ஊட்டிவிட்டாங்க. அந்தப் பிள்ளைக்கு நான் கடமைப்பட்டிருக்கேன். அவங்க காது கவிதையைக் கவிதையாக் கேக்கல, அதான் நான் இருக்கேன்.

வீட்டுக்கு வந்த பொறவு செல்வி அந்த வாட்ஸாப் குழுவை முழுசாக் காட்டினா. கவிதைக்குக் கீழ முப்பது பேரு பூ போட்டிருக்காங்க, பத்து பேரு கைத்தட்டு. கரிய சூரியன்ங்கிற உவமையை மட்டும் தலைவர் அரைப்பக்கம் புகழ்ந்திருக்காரு. நோயோட அடையாளம் ஒண்ணு விடாம அதுல இருக்கு. புதுசா வந்துச்சு, கறுப்பு, சுத்திச் செவப்பு, தொட்டா வலி இல்ல. நாப்பது பேரு படிச்சிருக்காங்க. அதுல ஒருத்தரு சுகாதார ஆய்வாளரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவரும் ரோசாப்பூ போட்டிருக்காரு. நாசமாப் போக, இவங்களுக்குப் படிக்கவே தெரியலயேன்னு நான் போனை வீசிட்டேன்.

கொஞ்ச நாள்லயே கதை வேற மாதிரி ஆயிருச்சு. மனைவியின் உயிரைக் காத்த கவிதைன்னு ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு மண்டபத்துல இவருக்குப் பாராட்டு விழா. நோட்டீஸ்ல இவரு படம், பின்னால ஒரு மலை, ஒரு அணில். என்னையும் மேடையில உக்காரக் கூப்பிட்டாங்க. தலைவர் வீட்டுக்கே வந்து, நீங்க வந்து நின்னாத்தான் கவிதைக்கு உயிருன்னாரு. எனக்கு உயிரு வேணும், அதான் வரலன்னு சொல்லிட்டேன். ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்தே இவரு அதிகமாப் பேசுறதில்ல, நோட்டையும் எடுக்கல. நானும் பேச்சுக் கொடுக்கல.

விழா அன்னைக்குச் சாயங்காலம் வெள்ளை வேட்டி சட்டை போட்டுட்டுப் போனாரு. நான் உள்ளுக்குள்ள கொதிச்சுக்கிட்டே கீரை ஆய்ஞ்சேன். என் இடுப்புப் புண்ணை வச்சு ஒரு சால்வை வாங்கப் போறாரு, போகட்டும்னு நினைச்சேன். வர ஒம்பது மணி ஆகும்னு பார்த்தா ஏழு மணிக்கெல்லாம் வந்துட்டாரு. கையில சால்வை இல்ல. செருப்பைக் கழட்டிட்டு அடுப்படி வாசல்ல வந்து நின்னாரு.

என்ன, அதுக்குள்ள கைத்தட்டி முடிச்சுட்டாங்களான்னு கேட்டேன். யாரும் தட்டலன்னாரு. அந்தக் கவிதையை வாசிக்கச் சொன்னாங்களாம், இவரு வாசிக்கலையாம். வேற ஒண்ணு எழுதிக்கொண்டுபோய் வாசிச்சிருக்காரு. பாதியிலயே தலைவர், இது கவிதை இல்லய்யா, நோட்டீஸ்னு சொல்லிட்டாராம். முழுசா வாசிச்சுட்டு இறங்கி வந்துட்டேன்னாரு. நான் கையைத் துடைச்சுக்கிட்டு, என்னத்தை வாசிச்சீங்கன்னு கேட்டேன். சட்டைப் பையில இருந்து நாலா மடிச்ச தாளை எடுத்து, விளக்கு வெளிச்சத்துக்குத் திரும்பி நின்னுக்கிட்டு வாசிச்சாரு.

"என் மனைவி சந்திரா தோப்பில் புல்லின் மேல் அமர்ந்து நம் நாற்பது பேருக்கும் சோறு போட்டாள். நாம் நாற்காலியில் இருந்தோம். பத்தாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அவள் இடுப்பில் கறுப்பாக ஒரு பொருக்கு இருந்தது. நான் பார்த்தேன். என்னவென்று கேட்கவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் துணியை விலக்கி உடம்பு முழுவதும் பாருங்கள். புதிதாக எது இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்."

தாளைத் திரும்ப மடிக்கப் போனாரு.

கல்யாணம் ஆன நாள்ல இருந்து இவரு வாசிக்க ஆரம்பிச்சாலே எனக்கு அடுப்புல ஏதாவது வேலை இருக்கும். அன்னைக்கு அடுப்பை அணைச்சுட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தேன்.

இன்னொரு தடவை வாசிங்கன்னேன்.